ஓவர்ஹேங் பீம்: ஷியர் படம் சரியாக மூடுகிறது, மொமெண்ட் மட்டும் நுனியில் 45 மிச்சம் காட்டுகிறது. ஏன்?

ஓசூர்ரோடு_சைட் (கேள்வி)

வணக்கம். பெங்களூரில் 30-க்கு 40 மனை. தரைத்தளம் பார்க்கிங், மேலே இரண்டு மாடி. முதல் மாடி பீம் ஒன்றுக்கு ஷியர் (வெட்டு விசை), மொமெண்ட் (வளைக்கும் திருப்பல்) படங்களைக் கையால் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு ஓரிடத்தில் உட்கார மறுக்கிறது.

பீம் 230-க்கு 450 மி.மீ., எம்20 கான்கிரீட். உள்பக்கப் பில்லர் அ, ரோட்டுப் பக்கப் பில்லர் ஆ, மையத்துக்கு மையம் 6 மீட்டர். ஆ-வைத் தாண்டி பால்கனிக்காக 1.5 மீட்டர் வெளியே நீள்கிறது, அதுதான் ஓவர்ஹேங். நுனி இ. பீம் நெடுக மீட்டருக்கு 20 கிலோநியூட்டன்: பீமின் சொந்த எடையும் சேர்த்து டெட் லோடு (நிலையான எடை) 12, லைவ் லோடு (ஆட்கள், சாமான்) 8. நுனியில் கைப்பிடிச் சுவரைத் தாங்கும் குறுக்கு பீமிலிருந்து 15 கிலோநியூட்டன் இறங்குகிறது. பில்லர்களை வெறும் தாங்கிகளாகத்தான் எடுத்தேன்.

நான் போட்ட கணக்கு: 6 மீட்டர் பகுதியின் பாரம் 120, ஆளுக்குப் பாதி 60. ஓவர்ஹேங் பாரம் 30 + 15 = 45 முழுவதும் ஆ-வுக்கு. ஆகவே அ-வில் 60, ஆ-வில் 105. ஷியர் படம் 60-இல் தொடங்கி, ஆ-வுக்கு இடப்பக்கம் -60, வலப்பக்கம் +45, நுனிக்குச் சற்று முன் 15, கடைசியில் பூஜ்யம். அழகாக மூடுகிறது. அதே ஷியர் படத்தின் பரப்பைக் கூட்டி மொமெண்ட் போட்டால் நடுவில் 90, ஆ-வில் பூஜ்யம், நுனியில் +45. வெறும் நுனியில் மொமெண்ட் எப்படி இருக்கும்?

இன்னும் இரண்டு சந்தேகம். சாஃப்ட்வேரில் படம் தலைகீழாக வருகிறது, அடையாளங்களும் ஒத்துப்போகவில்லை. டிராயிங்கில் ஆ-வின் மேல் எக்ஸ்ட்ரா கம்பி உள்பக்கம் 1.8 மீட்டர் போகிறது. மொமெண்ட் அவ்வளவு தூரம் இருக்காது, 1 மீட்டர் போதும் என்கிறார் கம்பி மேஸ்திரி. யார் சொல்வது சரி?

கம்பிக்கணக்கு

உங்கள் ஷியர் படம் மூடியதற்குக் காரணம், 60 + 105 = 165 என்று மொத்த பாரத்தோடு பொருந்திவிட்டது. அது மேல்-கீழ்ச் சமநிலை மட்டும்தான். அ-வில் எவ்வளவு, ஆ-வில் எவ்வளவு என்ற பங்கீடு தப்பாக இருந்தாலும் கூட்டுத்தொகை சரியாக இருந்தால் ஷியர் படம் மூடிக்கொள்ளும். பங்கீட்டுத் தப்பை மொமெண்ட் படம்தான் காட்டிக்கொடுக்கும். நுனியில் மிஞ்சிய 45 அந்தத் தப்பின் அளவு.

ஓவர்ஹேங்கின் எடை 45 ஆ-வில் இறங்குகிறது என்பதுவரை சரி. ஆனால் அது ஆ-வுக்கு வெளியே நின்று பீமைத் திருப்புகிறது. 15 × 1.5 = 22.5, அதோடு 20 × 1.5 × 0.75 = 22.5, ஆக 45 கிலோநியூட்டன்-மீட்டர். இனி கி.நி., கி.நி.மீ. என்று சுருக்கிக்கொள்கிறேன். இந்தத் திருப்பலுக்கு 6 மீட்டர் பகுதி பதில் சொல்ல வேண்டும். 45 ÷ 6 = 7.5. அ-வின் மேல் அழுத்தம் 7.5 குறைகிறது, ஆ-வின் மேல் அதே 7.5 கூடுகிறது. சீசா பலகையில் விளையாடும் பிள்ளைகளைப் பாருங்கள், ஒரு பக்கம் பாரம் கூடினால் மறுபக்கம் இலேசாகிறது.

ஆகவே அ-வில் 52.5, ஆ-வில் 112.5. அ-வைச் சுற்றித் திருப்பலை எடுத்துச் சரிபார்க்கலாம்: 150 × 3.75 + 15 × 7.5 = 675, அதை 6-ஆல் வகுத்தால் 112.5.

இனி ஷியர். வரவு செலவு நோட்டுபோல இடமிருந்து வலமாக இருப்பு எழுதுங்கள். தாங்கி வந்தால் வரவு, பாரம் வந்தால் செலவு.

அ-வில்: +52.5
ஆ-வுக்கு இடப்பக்கம்: 52.5 - 120 = -67.5
ஆ-வுக்கு வலப்பக்கம்: -67.5 + 112.5 = +45
நுனிக்குச் சற்று முன்: 45 - 30 = +15
நுனியில்: 15 - 15 = 0

ஆ-வில் ஒரே எண் எழுதக் கூடாது, இரண்டு எண் எழுத வேண்டும். புள்ளிப் பாரமோ தாங்கியோ வரும் இடத்தில் ஷியருக்கு இடப்பக்க மதிப்பு வேறு, வலப்பக்க மதிப்பு வேறு. ஒன்றை மட்டும் எழுதினால் அடுத்த பரப்பு தவறிப்போகும்.

மொமெண்ட் என்பது ஷியர் படத்தின் பரப்பைக் கூட்டிக்கொண்டே போவது. அ-வில் பூஜ்யம். ஷியர் பூஜ்யமாகும் இடம் 52.5 ÷ 20 = 2.625 மீட்டர். அதுவரை முக்கோணப் பரப்பு ½ × 52.5 × 2.625 = 68.9. அங்கிருந்து ஆ வரை 3.375 மீட்டர், பரப்பு ½ × 67.5 × 3.375 = 113.9, இது கழிவு. ஆ-வில் 68.9 - 113.9 = -45. ஓவர்ஹேங்கில் சரிவகம்: (45 + 15) ÷ 2 × 1.5 = 45. நுனியில் -45 + 45 = 0. மூடிவிட்டது.

வலப்பக்கத்திலிருந்து தனியாகக் கணக்கிட்ட ஓவர்ஹேங் மொமெண்டும் 45. இரண்டு வழியில் ஒரே எண் வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

மொமெண்ட் எங்கே பூஜ்யத்தைக் கடக்கிறது? 52.5 × தூரம் - 10 × தூரம் × தூரம் = 0 என்று வைத்தால் 5.25 மீட்டர், அதாவது ஆ-வுக்கு உள்ளே 0.75 மீட்டர். அதுவரை பீமின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அதற்குப் பிறகு நுனி வரை மேல்பக்கம் இழுபடுகிறது.

பரீட்சையில் பலர் மார்க் இழக்கும் இடம் ஓவர்ஹேங்கில் வளைகோட்டின் வடிவம். மொமெண்ட் கோட்டின் சாய்வுதான் ஷியர். ஆ-வுக்கு வலப்பக்கம் சாய்வு 45, நுனியில் 15. ஆகவே -45-லிருந்து முதலில் செங்குத்தாக ஏறி, போகப்போகச் சாய்வு தணிந்து, ஆனால் படுக்காமல் நுனியைத் தொடும். நுனியில் அந்த 15 கி.நி. இல்லாதிருந்தால் மட்டுமே கோடு படுத்தபடி பூஜ்யத்தைத் தொடும்.

இன்னொரு சோதனை, அரை நிமிடம்கூட ஆகாது. 6 மீட்டர் பகுதியைத் தனி பீமாக நினைத்தால் நடு மொமெண்ட் 20 × 36 ÷ 8 = 90. அ-வில் 0, ஆ-வில் -45. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் நடுவில் -22.5. 90 - 22.5 = 67.5. மேலே உள்ள கணக்கில் 3 மீட்டரில் 52.5 × 3 - 10 × 9 = 67.5. பொருந்துகிறது. உச்சமான 68.9 நடுவில் இல்லை, சற்று இடப்பக்கம் 2.625-இல் இருக்கிறது. வித்தியாசம் இங்கே சொற்பம். ஓவர்ஹேங் நீண்டால் அது இன்னும் விலகும்.

ஜெயநகர்_டிசைன்

தலைகீழ்ப் படத்தைப் பற்றி. பீமின் அடிப்பக்கம் இழுபடும் மொமெண்டைக் கோட்டுக்கு மேலே வரைவது நம் கல்லூரிப் பழக்கம். எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கமே வரைவது வேறு பழக்கம். எண்கள் ஒன்றுதான், தாள் மட்டும் கவிழ்ந்திருக்கிறது. ஈடேப்ஸ் சாஃப்ட்வேரில் மொமெண்டை இழுவைப் பக்கமாக வரையும் தேர்வு ஆப்ஷன்ஸ் மெனுவில் இருக்கிறது. கம்பி டிராயிங் போடுகிறவர்களுக்கு இழுவைப் பக்கப் படமே நல்லது என்பது என் கருத்து. படம் எங்கே தொங்குகிறதோ அங்கே கம்பி. எந்தப் பழக்கத்தை எடுத்தாலும் ஷீட்டின் மூலையில் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆள் பால்கனிக் கம்பியை அடியில் போடும் ஆபத்து உண்டு.

அடையாளக் குழப்பம் வேறு விஷயம். ஸ்டாட் ப்ரோ சாஃப்ட்வேரின் மெம்பர் எண்ட் ஃபோர்ஸ் (பீம் முனை விசை) பட்டியலில் வருவது, முனையில் பீமின் மேல் செயல்படும் விசை, அந்த பீமின் சொந்த அச்சில். உங்கள் அ-ஆ பகுதிக்கு இரண்டு முனையிலும் விசை மேல்நோக்கியே இருப்பதால் 52.5, 67.5 இரண்டும் பிளஸாக வரும். படத்தில் 67.5 மைனஸ். இரண்டும் சரி. ஒன்று முனை விசை, மற்றது உள்விசை. மொமெண்டிலும் இதே கதைதான். இரு முனையும் இறுக்கிய பீமில் இரண்டு பக்கமும் மேல் இழுவையே, ஆனால் பட்டியலில் ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ். பட்டியலின் அடையாளத்தைப் பார்த்து மேல் கம்பியா, அடிக்கம்பியா என்று முடிவெடுக்காதீர்கள். படத்தைப் பாருங்கள்.

நீங்கள் பில்லரை வெறும் தாங்கியாக எடுத்தீர்கள். ஃபிரேமாக மாடல் செய்தால் ஆ-வுக்கு இடப்பக்க மொமெண்டும் வலப்பக்க மொமெண்டும் வேறுவேறாக வரும். அந்த வித்தியாசம் மேல், கீழ்ப் பில்லர்களுக்குள் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வலப்பக்கத்தில் அதே 45 வந்தே தீர வேண்டும், ஏனென்றால் ஓவர்ஹேங்கின் மொமெண்ட் பில்லரின் விறைப்பைப் பொறுத்ததல்ல. வராவிட்டால் பாரம் ஏற்றியதில் தப்பு. சொந்த எடையை இரண்டு முறை சேர்த்திருப்பீர்கள், அல்லது நுனிப் பாரம் வேறு நோடில் (இணைப்புப் புள்ளியில்) உட்கார்ந்திருக்கும். 230-க்கு 450 பீமின் சொந்த எடை 0.23 × 0.45 × 25 = மீட்டருக்கு 2.59 கி.நி. உங்கள் 12-இல் அது ஏற்கெனவே இருக்கிறது. சாஃப்ட்வேரில் செல்ஃப் வெயிட் கட்டளையும் போட்டால் மறுபடி ஏறும்.

ஓசூர்ரோடு_சைட்

நன்றி சார். அந்த 7.5 இடம் மாறுவதுதான் எனக்கு விட்டுப்போயிருக்கிறது. இப்போது மொமெண்ட் மூடுகிறது. ஆனால் மேஸ்திரி சொல்வதும் கணக்கோடு ஒத்துப்போகிறதே? ஆ-வுக்கு உள்ளே 0.75 மீட்டரிலேயே மேல் இழுவை முடிந்துவிடுகிறது. அப்புறம் 1.8 எதற்கு?

ரிங்_இடைவெளி

0.75 என்பது ஒரே ஒரு பார நிலைக்கு. வீட்டில் பாரம் அப்படி நிற்காது. இந்தக் கேள்விக்கு ஒரு படம் போதாது, மூன்று வேண்டும்.

லைவ் லோடு முழுவதும் இருக்கும்போது: நீங்கள் போட்ட கணக்கு. ஆ-வில் -45, உள்பகுதி உச்சம் 68.9, மொமெண்ட் அடையாளம் மாறும் இடம் ஆ-வுக்கு உள்ளே 0.75 மீட்டர்.

லைவ் லோடு அறையில் மட்டும், பால்கனி காலி: ஓவர்ஹேங்கில் டெட் லோடு 12 மட்டும். ஆ-வில் 22.5 + 13.5 = -36. அ-வின் எதிர்விசை 60 - 6 = 54. உச்சம் 54 × 54 ÷ 40 = 72.9. மாறும் இடம் 5.4 மீட்டர், ஆ-வுக்கு உள்ளே 0.6. அடிக்கம்பியைத் தீர்மானிப்பது இந்த நிலை. எல்லாப் பாரமும் ஏற்றிய 68.9-ஐ வைத்தால் குறைவாகப் போடுவீர்கள்.

லைவ் லோடு பால்கனியில் மட்டும், அறை காலி: ஆ-வில் மறுபடி -45. உள்பகுதியில் 12 மட்டும், அ-வின் எதிர்விசை 36 - 7.5 = 28.5. உச்சம் 33.8 மட்டுமே. மாறும் இடம் 2 × 28.5 ÷ 12 = 4.75 மீட்டர், ஆ-வுக்கு உள்ளே 1.25. திருவிழா நாளில் எல்லோரும் பால்கனியில் நின்று ஊர்வலம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த நிலைதான் இது.

மேஸ்திரி சொன்ன 1 மீட்டரில் கம்பியை நிறுத்தினால், இந்த மூன்றாவது நிலையில் மேல்பக்கம் இழுபடும் இடத்திலேயே கம்பி முடிந்துபோகும். அதற்கு மேல் கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 : 2000 இன்னொரு நீளம் கேட்கிறது. தாங்கியின் மேல் உள்ள கம்பியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மொமெண்ட் மாறும் இடத்தைத் தாண்டியும் போக வேண்டும். எவ்வளவு என்றால் பயனுறு ஆழம் (பீமின் அழுத்தப் பக்க விளிம்பிலிருந்து இழுவைக் கம்பியின் மையம் வரை), கம்பி விட்டத்தின் 12 மடங்கு, பில்லருக்கு இடைப்பட்ட சுத்த இடைவெளியில் 16-இல் ஒரு பங்கு, இம்மூன்றில் எது பெரிதோ அது. உங்கள் பீமில் பயனுறு ஆழம் சுமார் 400 மி.மீ., 16 மி.மீ. கம்பிக்கு 12 மடங்கு 192, சுத்த இடைவெளியில் 16-இல் ஒரு பங்கு சுமார் 360. ஆகவே 400. 1.25 + 0.4 = 1.65 மீட்டர். டிராயிங் போட்டவர் 6 மீட்டரில் 0.3 பங்கு என்று 1.8 வைத்திருக்கிறார். அதை மேஸ்திரி சொன்ன 1 மீட்டராகக் குறைத்து மிச்சமாகும் இரும்பு ஒரு கம்பிக்கு 80 சென்டிமீட்டர். கேட்கவே வேண்டாம்.

பூஜ்யத்துக்குப் பிறகும் கம்பி எதற்கு என்றால், ஷியரால் விரிசல் சாய்வாக ஓடுகிறது. ஓரிடத்துக் கம்பியில் வரும் இழுவை அதே இடத்து மொமெண்டுக்கு உரியதல்ல, ஏறக்குறைய ஓர் ஆழம் தள்ளியிருக்கும் பெரிய மொமெண்டுக்கு உரியது. மொமெண்ட் படத்தை ஓர் ஆழத்துக்கு இழுத்து விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷியர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த பீமில் ஷியர் பெரிது பால்கனிப் பக்கம் இல்லை, ஆ-வுக்கு உள்பக்கம்: 67.5. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளை நெருக்கமாகப் பால்கனியில் போட்டுவிட்டு உள்பக்கம் தாராளமாக விடுவது தலைகீழ் வேலை. பில்லர் முகத்திலிருந்து ஒரு பயனுறு ஆழம் தள்ளியிருக்கும் ஷியரைக் கொண்டு கணக்கிடலாம் என்று ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது. பில்லர் 300 அகலம் என்றால் மையத்திலிருந்து 0.15 + 0.4 = 0.55 மீட்டர், அங்கே ஷியர் 67.5 - 11 = 56.5. பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கினால் 84.75 கி.நி. அதை 230 × 400-ஆல் வகுத்தால் சதுர மி.மீ.-க்கு 0.92 நியூட்டன். எம்20 கான்கிரீட்டுக்கு உச்ச வரம்பு 2.8, ஆகவே பீமின் அளவு போதும், ரிங் கணக்கிட்டுப் போட வேண்டும். ரிங் இடைவெளி எப்படிக் கணக்கிட்டாலும் பயனுறு ஆழத்தின் 0.75 பங்கையோ 300 மி.மீ.-ஐயோ தாண்டக் கூடாது. இங்கே இரண்டும் ஒன்றே.

இந்தச் சலுகை, தாங்கி பீமை அடியிலிருந்து அழுத்தித் தாங்கும்போது மட்டும். ஒரு பீம் இன்னொரு பீமின் பக்கவாட்டில் தொங்கும் இடத்திலும், பில்லரை ஒட்டியே பெரிய புள்ளிப் பாரம் இறங்கும் இடத்திலும் முகத்தில் உள்ள முழு ஷியரையே எடுங்கள்.

கம்பிக்கணக்கு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆ-வில் மேல் இழுவை என்றதும் பால்கனி நுனி கீழே தாழும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த பீமில் அப்படி இல்லை. மொமெண்ட் சொல்வது வளைவை, தாழ்வை அல்ல. உள்பகுதியின் 20 கி.நி./மீ. பாரம் ஆ-வில் பீமைச் சுழற்றி நுனியைத் தூக்குகிறது, ஓவர்ஹேங் பாரம் அதில் பாதியைத்தான் திரும்ப இறக்குகிறது. சுழற்சியால் நுனி ஏறுவது 135, ஓவர்ஹேங்கின் சொந்த வளைவால் இறங்குவது 29.5, இரண்டையும் விறைப்பால் வகுக்க வேண்டும். விரிசல் இல்லாத முழு வெட்டுமுகத்துக்கு விறைப்பு சுமார் 39,000 கி.நி.மீ². ஆக நுனி ஏறத்தாழ 2.7 மி.மீ. மேலே போகிறது. அறை காலியாகி பால்கனி நிறைந்தால் நுனி கிட்டத்தட்ட பழைய மட்டத்திலேயே நிற்கும். மேல் இழுவை மட்டும் அதே 45.

ஆகவே "நுனி தொங்கவில்லையே, மேல் கம்பி எதற்கு" என்று யாராவது கேட்டால் அது சரியான கேள்வி இல்லை. மட்டம் பார்த்துக் கம்பியின் தேவையை அளக்க முடியாது.

சைட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் கணக்கு அல்ல, கம்பியின் உயரம். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் மேல் கம்பியை மிதித்து 50 மி.மீ. இறக்கிவிட்டால் பயனுறு ஆழம் 400-லிருந்து 350 ஆகிறது, ஆ-வின் தாங்குதிறனில் எட்டில் ஒரு பங்குக்குமேல் போய்விடும். அதுவும் 100, 125 மி.மீ. தடிமன் பால்கனி ஸ்லாபில் அதே 50 மி.மீ. இறங்கினால் பாதி போச்சு. மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பி போட்டு, நடக்கப் பலகை போட்டு, கான்கிரீட் விழும்போதே ஆள் நின்று பார்க்க வேண்டும்.

முட்டு பிரிக்கும் வரிசையும் மொமெண்ட் படத்திலிருந்தே வருகிறது. ஓவர்ஹேங்கில் நுனியிலிருந்து பில்லரை நோக்கிப் பிரியுங்கள். உள்பகுதியில் நடுவிலிருந்து இரு பக்கமும். நுனி முட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிரித்தால் அந்த முட்டு ஒரு தாங்கியாகிவிடும். அந்த நிலைக்கு நீங்கள் படமே போடவில்லை.

மைசூர்ரோடு_ஸ்லாப்

அந்த மீட்டருக்கு 20 எப்படி வந்தது என்று பாருங்கள் நண்பரே. இரு திசை ஸ்லாபிலிருந்து குறுகிய பீமுக்கு வருவது முக்கோணப் பாரம், அதைச் சமப் பாரமாக மாற்றும்போது ஷியருக்கு ஒரு மதிப்பு, மொமெண்டுக்கு ஒரு மதிப்பு. 4 மீட்டர் சதுர ஸ்லாப், சதுர மீட்டருக்கு 10 கி.நி. என்று வையுங்கள். ஒரு பீமில் முக்கோணத்தின் உச்சி மீட்டருக்கு 20, மொத்தம் 40, முனை ஷியர் 20. மொத்தத்தை நீளத்தால் வகுத்து மீட்டருக்கு 10 என்று எடுத்தால் ஷியர் சரியாக வரும், ஆனால் மொமெண்ட் 10 × 16 ÷ 8 = 20 என்று வரும். உண்மையில் 20 × 16 ÷ 12 = 26.7. பாரம் நடுவில் குவிந்திருப்பதால் மொமெண்ட் கூடுகிறது. மொமெண்டுக்கு மீட்டருக்கு 13.3 எடுக்க வேண்டும். ஒரே சமப் பாரத்தை வைத்து இரண்டு படமும் போட்டால் ஒன்று தவறும்.

ஓசூர்ரோடு_சைட்

பயிற்சிக்காக இன்னொன்று போட்டேன், சரிபார்க்க முடியுமா? இரு முனையும் சாதாரணத் தாங்கி, நீளம் 5 மீட்டர். இடமிருந்து 2 மீட்டரில் புள்ளிப் பாரம் 30. அங்கிருந்து வலக்கோடி வரை 3 மீட்டருக்கு மீட்டருக்கு 10. சமப் பாரத்தை 3.5 மீட்டரில் 30 என்று மாற்றிக்கொண்டேன். எதிர்விசை இடது 27, வலது 33. ஷியர் 27, பிறகு -3, 3.5 மீட்டரில் -33. மொமெண்ட் 2 மீட்டரில் 54, 3.5 மீட்டரில் 49.5, கோடியில் 0. இரண்டும் மூடுகின்றன.

கம்பிக்கணக்கு

எதிர்விசைகள் சரி, 54-ம் சரி. 3.5 மீட்டரில் 49.5 தவறு, உண்மையில் 38.25. வலப்பக்கத்திலிருந்து வெட்டிப் பாருங்கள்: 33 × 1.5 - 10 × 1.5 × 0.75 = 49.5 - 11.25.

பரவிய பாரத்தை ஒற்றைப் பாரமாகச் சுருக்குவது எதிர்விசை கண்டுபிடிக்க மட்டும். எதிர்விசை கிடைத்ததும் பழைய பாரத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும், அதன்பிறகே வெட்ட வேண்டும். நீங்கள் சுருக்கிய பாரத்தின் மேலேயே படத்தையும் போட்டுவிட்டீர்கள். ஷியர் உண்மையில் -3-லிருந்து -33 வரை 3 மீட்டரில் சாய்கோடாக இறங்குகிறது, உங்கள் படத்தில் படிக்கட்டாக விழுகிறது. பரப்பு இரண்டிலும் 54, அதனால்தான் மூடியது. இடையில் உள்ள எண்கள் மட்டும் வேறு. வித்தியாசம் 11.25 என்பது 3 மீட்டர் நீளத்தில் மீட்டருக்கு 10 தரும் நடு மொமெண்ட், 10 × 9 ÷ 8.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். உச்ச மொமெண்ட் 2 மீட்டரில், புள்ளிப் பாரத்துக்கு நேர் கீழே. அங்கே ஷியர் +27-லிருந்து -3-க்குத் தாவுகிறது, பூஜ்யம் என்று எழுதும்படி ஓர் இடம் கிடையாது. சமன்பாட்டைப் பூஜ்யமாக வைத்துத் தேடினால் அகப்படாது. ஷியர் அடையாளம் மாறும் இடத்தைத் தேடுங்கள். உங்கள் முதல் பீமில் அப்படி இரண்டு இடம்: 2.625 மீட்டரில் சாய்ந்து மாறுகிறது, ஆ-வில் தாவி மாறுகிறது. முதலாவதில் அடிக்கம்பி உச்சம், இரண்டாவதில் மேல் கம்பி உச்சம்.

ஜெயநகர்_டிசைன்

பால்கனி கைப்பிடியை நுனி பீமின் மேல் தூணாக நட்டு இரும்புக் கம்பி வைக்கப்போகிறீர்களா, பிளாக் சுவரா? இரும்புக் கைப்பிடி என்றால் ஆள் சாய்ந்து தள்ளும் விசை நுனியில் ஒரு திருப்பலாக வரும். உதாரணத்துக்கு 3 கி.நி.மீ. என்றால் ஓவர்ஹேங்கில் ஷியர் மாறாது, உள்பகுதியில் மட்டும் 3 ÷ 6 = 0.5 இறங்கும், மொமெண்ட் படம் நுனியில் பூஜ்யத்துக்குப் பதில் -3-இல் முடியும், ஆ-வில் -48 ஆகும். நுனியில் மொமெண்ட் பூஜ்யமாக இல்லாமல் இருக்க அப்படி ஒரு வெளித் திருப்பல் வேண்டும். உங்கள் முதல் கணக்கில் அப்படி ஒன்றும் இல்லாமலேயே 45 நின்றது, அதனால்தான் அது தவறு.

ஓசூர்ரோடு_சைட்

பிளாக் சுவர்தான் சார், 3 அடி உயரம். மேல் கம்பி 1.8 மீட்டர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மூன்று நிலைக்கும் படம் போட்டு மேஸ்திரியிடம் காட்டினேன், 1.25 மீட்டர் வரும் படத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். உள்பக்க ரிங்கை நாளை மறுபடி அளக்கிறேன். பால்கனிப் பக்கம் 150, உள்பக்கம் 250 என்று கட்டியிருக்கிறார்கள்.

ரிங்_இடைவெளி

அளப்பதற்கு முன் டிராயிங்கில் எந்தப் பக்கம் எவ்வளவு என்று பாருங்கள், கட்டும்போது இடம் மாறியிருக்கலாம். பால்கனியின் 150-ஐ அப்படியே விட்டுவிடுங்கள், தவறில்லை. ஆ-வுக்கு உள்பக்கம் டிராயிங் 150 கேட்டால், பில்லர் முகத்திலிருந்து அது சொல்லும் தூரம் வரை இடையிடையே ரிங் சேர்க்க வேண்டும். முதல் ரிங் பில்லர் முகத்திலிருந்து 50 மி.மீ.-க்குள் இருக்கட்டும். கட்டிய கூட்டில் மூடிய ரிங்கை நுழைக்க முடியாது என்பதால் மேல் கம்பியின் கட்டை அவிழ்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு துண்டு யூ வடிவக் கம்பியை வைத்து ஒட்டுப்போட விடாதீர்கள்.

சரிசெய்து முடித்ததும், கான்கிரீட்டுக்கு முன், ஆ-வின் மேல் கம்பியின் உயரத்தை அடிப்பலகையிலிருந்து டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கம்பியின் மையம் 400-க்குக் குறைந்தால் கான்கிரீட் வண்டியை வரச் சொல்லாதீர்கள்.